சொக்கப்பெருமாளின் திறந்த கணக்கு

அழகியார் என்று ஒருவர். 1270-ஆம் ஆண்டில் தொம்மலூர்ச் சொக்கப்பெருமாள் கோயிலுக்கு இரண்டு நிலைக்கால்கள் செய்து கொடுத்தார். அவரைப் பற்றி உலகத்துக்குத் தெரிந்தது அவ்வளவுதான். எழுநூற்றைம்பது வருஷம் கழித்தும் அது தெரிகிறது என்பதுதான் விசேஷம். கொடுத்ததைக் கல்லில் வெட்டி, வருகிறவர் போகிறவர் கண்ணில் படும்படி வைத்துவிட்டார்கள். அதை எழுதியது தமிழில்.

இன்றைக்கு பெங்களூருக்காரர்கள் டொம்லூர் என்கிற இந்த இடத்தில் மேம்பாலம் இருக்கிறது, கண்ணாடிக் கட்டடங்களில் மென்பொருள் கம்பெனிகள் இருக்கின்றன, காலை ஒன்பதுக்கும் மாலை ஆறுக்கும் நகராத வண்டிகள் இருக்கின்றன. நடுவில் ஒதுங்கி நிற்கிறது சொக்கநாதசுவாமி கோயில். பெயரைக் கேட்டு மதுரைச் சொக்கநாதரை நினைத்துக்கொண்டு போகிறவர் உள்ளே பெருமாளைப் பார்த்துத் திகைப்பார். கல்வெட்டுகளில் ஊருக்குத் தொம்மலூர், தொம்பலூர் என்றும், தேசிமாணிக்கப்பட்டணம் என்றும் பெயர்கள் உண்டு. தேசி, பட்டணம் இரண்டுமே வணிகர்களின் நெடி வீசும் சொற்கள். சுற்றுவட்டாரமான எலகங்க நாட்டைத் தமிழ்க் கல்வெட்டுகள் இலைப்பாக்க நாடு என்கின்றன.

இங்கே ஏன் தமிழ்? சோழர் ஆட்சி விட்டுப்போன வழக்கம் ஒரு காரணம். இன்னொன்று ஹொய்சளர் வீட்டுப் பாகப்பிரிவினை. 13-ஆம் நூற்றாண்டின் நடுவில் சோமேஸ்வரனின் ராஜ்ஜியம் இரண்டு மகன்களுக்குள் பிரிந்தது. மூன்றாம் நரசிம்மனுக்கு ஹளேபீடு. ராமநாதனுக்குத் திருச்சிப் பக்கம் கண்ணனூரும் தமிழ் நிலமும், கூடவே இந்தக் கிழக்குப் பகுதியும். அதனால்தான் தொம்மலூர்க் கல்லில் வீர ராமநாத தேவனின் பெயர் வருகிறது. ஊர் வருவாயிலிருந்து கோயிலுக்குப் பொன் ஒதுக்கிய செய்தி வருகிறது. பிறகு விஜயநகரத் தேவராயர் காலத்தில் தொம்பலூரின் வீடு, கிணறு, நிலம் ஆகியவற்றின் வருவாயைச் சொக்கப்பெருமாளுக்கு விட்டுக்கொடுத்த கணக்கும் சேர்கிறது.

கணக்கு என்றுதான் சொல்ல வேண்டும். கல்வெட்டு என்றாலே மெய்க்கீர்த்தியும் போர் வெற்றியும் என்று பள்ளிக்கூடம் நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டது. உண்மையில் கோயில் சுவர்களில் பெரும்பகுதி வரவுசெலவுதான். யார் கொடுத்தார், எவ்வளவு, எந்த நிலத்து வருவாய், கிழக்கெல்லை எது, தெற்கெல்லை எது, எந்த விளக்குக்கு எத்தனை உழக்கு நெய். சோழர் காலத்து நந்தாவிளக்குத் தானங்களில் ஒரு ரசமான சொல் உண்டு: சாவா மூவாப் பேராடு. ஒரு விளக்குக்குத் தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடுகள் இடையரிடம் ஒப்படைக்கப்படும். ஆடு சாகும், கிழடு தட்டும். ஆனால் கணக்கில் அவை சாவதுமில்லை, மூப்பதுமில்லை. குட்டிகளைக் கொண்டு எண்ணிக்கையை நிரப்பிக்கொள்வது இடையர் பொறுப்பு. தொண்ணூற்றாறு என்றால் என்றைக்கும் தொண்ணூற்றாறு. இந்த ஆடுகளைக் கொஞ்சம் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பின்னால் வேறு வேஷத்தில் வருகின்றன.

கணக்கை ஓலையில் எழுதி உள்ளே வைத்திருக்கலாமே? ஓலையிலும் எழுதினார்கள்தான். ஆனால் ஓலை கணக்கனின் வீட்டில் இருக்கும். கணக்கன் நல்லவனாக இருக்கலாம், அவன் பேரன் எப்படியோ. சுவரில் இருப்பதை மாற்ற வேண்டுமென்றால் உளியை எடுத்துக்கொண்டு ஊர் பார்க்கத் தட்ட வேண்டும். தமிழ்நாட்டில் பல கோயில் சுவர்களில் நிலம் அளக்கும் கோலின் நீளத்தையே கல்லில் குறித்து வைத்திருக்கிறார்கள். அதிகாரி கொண்டுவரும் கோல் ஒரு சாண் குட்டை என்று சந்தேகம் வந்தால், அவரோடு வாக்குவாதம் வேண்டாம். கோலைக் கொண்டுபோய்ச் சுவரில் வைத்துப் பார்த்தால் போதும்.

இந்த வழக்கத்தின் உச்சம் உத்திரமேரூர். முதலாம் பராந்தகன் காலத்தில், 919-லும் 921-லும் வெட்டிய கல்வெட்டுகள். குடவோலைத் தேர்தல் என்று எல்லோருக்கும் தெரியும். யாரை நிற்க விடக்கூடாது என்ற பட்டியலில், முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய உறவினர்களும் வருகிறார்கள். அதைவிடக் கூர்மையானது ஓலை எடுக்கும் முறை. குடத்தை எல்லோரும் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். விவரமறியாத ஒரு சிறுவன்தான் ஓலையை எடுக்க வேண்டும். அதை வாங்குகிற மத்தியஸ்தன் ஐந்து விரலையும் விரித்து, உள்ளங்கையில் வாங்க வேண்டும். வாங்கியதை உரக்கப் படிக்க வேண்டும். பிறகு அங்கிருக்கும் நம்பிமார் எல்லோரும் படிக்க வேண்டும். மத்தியஸ்தன் திருடன் என்று யாரும் சொல்லவில்லை. விரலை மூடினால் சந்தேகம் வரும், அவ்வளவுதான். ஆளின் யோக்கியதையை நம்பி ஏற்பாடு செய்யவில்லை. ஆள் எப்படியிருந்தாலும் ஏற்பாடு நிற்கும்படி செய்திருக்கிறார்கள்.

இனி 2018-க்கு வரலாம். இடம் அதே தொம்மலூர்ப் பக்கம். பழைய விமான நிலையச் சாலையில் கிழக்கே இரண்டு மூன்று கிலோமீட்டர், முருகேஷ்பாளையத்தில் கெம்ப் ஃபோர்ட் மால். அந்த அக்டோபரில் அங்கே ஏடிஎம் போன்ற ஒரு பெட்டி வந்து நின்றது. வைத்தது யூனோகாயின் என்ற பிட்காயின் எக்ஸ்சேஞ்ச். 2013-லிருந்து தொழிலில் இருக்கும் கம்பெனி. ஏப்ரல் 6-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தது: கிரிப்டோ வியாபாரம் செய்பவர்களுக்கு வங்கிகள் எந்தச் சேவையும் தரக்கூடாது. வங்கி வழி அடைபட்டதால், ரொக்கத்தைப் போடவும் எடுக்கவும் ஒரு பெட்டி. முழுமையாக ஓடத் தொடங்குவதற்கு முன்பே சைபர் குற்றப் போலீஸ் பெட்டியைப் பறிமுதல் செய்தது, நிறுவனர்கள் இருவரைக் கைதும் செய்தது. உரிய அனுமதி பெறவில்லை என்பது போலீஸின் வாதம். ரிசர்வ் வங்கியின் அந்தச் சுற்றறிக்கையே 2020 மார்ச் 4-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் செல்லாமல் போனது. அந்த நீண்ட தீர்ப்பை எழுதியவர், முன்பு சென்னை உயர் நீதிமன்றத்தில் இருந்த நீதிபதி வி.ராமசுப்பிரமணியன்.

போலீஸ் தூக்கிப்போன பெட்டியில் ஒரு முரண் இருந்தது. அது விற்க வந்த பிட்காயினின் கோட் உலகத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கிப் படிக்கக்கூடியது. அதை விற்கும் எக்ஸ்சேஞ்சுகளின் கோட் பொதுவாக அப்படி அல்ல. சரக்கு திறந்தது, கடை மூடியது. கிரிப்டோவில் சாதாரண மனிதர்கள் பணம் இழந்த கதைகளில் கணிசமானவை கடையில் நடந்தவை.

சரக்கின் கதை சிறியது. 2008 அக்டோபர் 31-ஆம் தேதி சதோஷி நாகமோட்டோ என்ற புனைபெயரில் ஒன்பது பக்கக் கட்டுரை. 2009 ஜனவரியில் சி++ மொழியில் எழுதிய நிரல், எம்ஐடி உரிமத்தோடு: எடுத்துக்கொள், மாற்று, விற்றாலும் சரி. எழுதியவர் யாரென்று இன்றுவரை உறுதியாகத் தெரியாது. முகமில்லாத ஒருவர் நீட்டும் நோட்டை யார் வாங்குவார்கள்? வாங்கியதற்குக் காரணம் அவருடைய நேர்மை அல்ல. அதைச் சோதிக்க வழியே இல்லை. கோடைப் படிக்க வழி இருந்தது. ஹால் ஃபின்னி என்ற அமெரிக்க நிரலாளர் முதல் நாட்களிலேயே இறக்கி ஓட்டிப் பார்த்தார், கோளாறுகளைச் சொன்னார். மொத்தம் 2.1 கோடி காயின்தான் வரும் என்ற விதி அந்தக் கோடில் சில வரிகள். சாவா மூவாப் பேராடு இங்கே வந்துவிட்டது: எண்ணிக்கை மாறாது என்பது வாக்குறுதி, அதை யார் வேண்டுமானாலும் பட்டியில் போய் எண்ணலாம் என்பது ஏற்பாடு.

ஆடு ஒருநாள் பெருகியும்விட்டது. 2010 ஆகஸ்ட் 15. நம் ஊரில் கொடியேற்றி மிட்டாய் கொடுத்த நாள். பிட்காயினின் 74,638-ஆவது பிளாக்கில், அதாவது கணக்கேட்டின் அந்தப் பக்கத்தில், யாரோ ஒருவர் 18,400 கோடிக்கும் மேற்பட்ட காயின்களை உண்டாக்கிக்கொண்டார். 2.1 கோடிக்கு மேல் வரவே கூடாத ஒன்று! இரண்டு பெரிய தொகைகளைக் கூட்டும்போது எண் கொள்ளளவைத் தாண்டிச் சுருண்டு, கூட்டுத்தொகை சிறிதாகத் தெரிந்தது, சோதனை ஏமாந்தது. பழைய ஸ்கூட்டரின் மைல் மீட்டர் 99,999-க்குப் பிறகு சுழன்று சைபருக்கு வருமே, கிட்டத்தட்ட அதே கதை. ஜெஃப் கார்சிக் என்பவர் அந்த பிளாக்கின் தொகை வினோதமாக இருப்பதைப் பார்த்து எல்லோருக்கும் சொன்னார். சில மணி நேரத்தில் திருத்திய பதிப்பு வந்தது. உலகெங்கும் அதை ஓட்டியவர்கள் சேர்ந்து, கெட்ட பிளாக்கை ஒதுக்கிப் புதுச் சங்கிலியை நீட்டினார்கள். கணக்கும் திறந்திருந்தது, கணக்கு விதியும் திறந்திருந்தது. அதனால் ஒருவர் கண்ணில் பட்டது ஊருக்கே தெரிந்தது.

மூடிய கடையில் இதே தவறு நடந்தால் என்ன ஆகும் என்று ஊகிக்க வேண்டாம், நடந்ததே இருக்கிறது.

பல்கேரியாவில் 2014-இல் தொடங்கிய ஒன்காயின் பிட்காயினை விழுங்கப்போகும் நாணயம் என்று விற்கப்பட்டது. மேடையில் அதன் நிறுவனர் ருஜா இக்னடோவா, பட்டு கவுனில். கீழே ஆள் சேர்த்தால் கமிஷன். சீட்டுக் கம்பெனி பார்த்த தமிழருக்கு விளக்கவே வேண்டாத வித்தை. பிட்காயின் போலக் கோடைக் காட்டுங்கள் என்று கேட்டவர்களுக்கு உருப்படியான பதில் வரவில்லை. காட்ட என்ன இருந்தது? நார்வேக்காரரான பியோர்ன் பியேர்கே, 2016-இல் தன்னை அங்கே தொழில்நுட்ப வேலைக்குக் கூப்பிட்டதாகவும், பிளாக்செயின் என்ற ஒன்றே அவர்களிடம் இல்லை என்பது அப்போது தெரியவந்ததாகவும் பின்னர் வெளியே சொன்னார். விலை என்று திரையில் ஏறிய எண்ணைக் கம்பெனியே ஏற்றிக்கொண்டிருந்தது. இந்தியாவுக்கும் வந்தார்கள், 2017 ஏப்ரலில் நவி மும்பையில் ஒரு கூட்டத்தின் நடுவிலேயே போலீஸ் நுழைந்து ஆட்களைப் பிடித்தது. உலக அளவில் ஏமாந்த தொகை 400 கோடி டாலர் என்பது அமெரிக்க அரசு வழக்கறிஞர்களின் கணக்கு. இக்னடோவா 2017-இல் தலைமறைவானவர்தான்.

ஒன்காயினாவது சந்தையில் கூவி விற்ற போலி. எஃப்டிஎக்ஸ் என்ற எக்ஸ்சேஞ்ச் அப்படியல்ல, பெரிய முதலீட்டாளர்கள், விளையாட்டு மைதானத்துக்குச் சூட்டிய பெயர், அமெரிக்க காங்கிரஸில் சாட்சியம் சொன்ன இளம் முதலாளி. 2022 நவம்பரில் சரிந்தது. 2023 அக்டோபரில் நியூயார்க் நீதிமன்றத்தில், அந்தக் கம்பெனியின் தொழில்நுட்பத் தலைவராக இருந்த கேரி வாங் சாட்சிக் கூண்டில் ஏறியபோது, ஜூரிகளுக்குக் கோடையே திரையில் காட்டினார்கள். வாடிக்கையாளர் கணக்கு எதுவும் சைபருக்குக் கீழே போகக்கூடாது என்பது எக்ஸ்சேஞ்சின் அடிப்படை விதி. ஒரே ஒரு கணக்குக்கு மட்டும், முதலாளியின் இன்னொரு கம்பெனியான அலமேடாவுக்கு, ‘அலவ் நெகடிவ்’ என்று ஒரு சிறு குறி. அந்தக் குறி இருந்தால் இருப்பு மைனஸில் போகலாம். 2019-இல் போட்ட குறி. கடன் வரம்பு பின்னாளில் 6,500 கோடி டாலர் வரை ஏற்றப்பட்டிருந்தது. வாடிக்கையாளர் பணம் 800 கோடி டாலர் அந்த ஓட்டை வழியாகப் போனது.

அதைவிட ஒரு கேவலமான சங்கதி. நஷ்டம் வந்தால் ஈடுகட்ட இன்சூரன்ஸ் நிதி வைத்திருக்கிறோம் என்று எஃப்டிஎக்ஸ் தன் தளத்தில் ஒரு தொகையைப் பெருமையாகக் காட்டிவந்தது. தொகை தினமும் கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். அது எப்படி ஏறியது? அன்றைய வியாபாரத் தொகையை 7,500-ஐ ஒட்டிய ஒரு குத்துமதிப்பு எண்ணால் பெருக்கி, நூறு கோடியால் வகுத்து வந்ததைக் கூட்டிக் காட்டியிருக்கிறார்கள். நிதிக்கும் எண்ணுக்கும் சம்பந்தமே இல்லை. பைதான் தெரிந்த கல்லூரிப் பையன் ஒருவன் அந்த வரியைப் பார்த்திருந்தால் பத்து நிமிஷத்தில் சிரித்திருப்பான். பார்க்கத்தான் வழியில்லை. கணக்கன் வீட்டு ஓலை அது. முதலாளி சாம் பேங்க்மன்-ஃப்ரைடுக்கு 2024 மார்ச்சில் 25 வருஷச் சிறை விதித்தார்கள்.

இதுவரை படித்தால் திறந்த கோட் என்பது சர்வரோக நிவாரணி என்று தோன்றும். திறமூலக்காரர்களில் பலர் அப்படித்தான் பேசுகிறார்கள். விஷயம் அவ்வளவு சுலபமில்லை.

2018 செப்டம்பரில், அதாவது கெம்ப் ஃபோர்ட்டில் பெட்டி வருவதற்கு ஒரு மாதம் முன்னால், பிட்காயினின் கோடில் ஒரு பயங்கரமான ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டது. வேகத்துக்காக ஒரு சோதனையை எடுத்துவிட்டிருந்தார்கள். அதனால் ஒரே காயினை ஒரே பரிவர்த்தனைக்குள் இருமுறை செலவழித்து, இல்லாத காயினை உண்டாக்க வழி ஏற்பட்டிருந்தது. 2010-இன் ஆடுகள் மறுபடி பெருகியிருக்கும். ஓட்டைக்கு வழிவிட்ட மாற்றம் 2017 மார்ச்சில் வெளியான பதிப்பிலேயே இருந்தது. ஒன்றரை வருஷம், உலகத்திலேயே அதிகம் பேர் உற்றுப் பார்ப்பதாகச் சொல்லப்படும் கோடில், எல்லோர் கண்ணெதிரிலும் கிடந்தது. கண்டுபிடித்தவர் போட்டி முகாமான பிட்காயின் கேஷைச் சேர்ந்த ஒரு நிரலாளர். அதைப் பயன்படுத்திக்கொள்ளாமல் நேரே போய்ச் சொன்னார். எல்லோரும் பார்க்கலாம் என்றால் யாரோ ஒருவர் பார்த்திருப்பார் என்று எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். கல்யாண வீட்டில் கேஸ் அடுப்பை அணைத்தாயிற்றா என்று கேட்டால் வரும் பதில்தான்.

இந்தியாவில் பிறந்த பாலிகான் கதை இன்னும் சுவாரசியம். 2017-இல் மேட்டிக் என்ற பெயரில் ஜெயந்தி கனானி, சந்தீப் நைல்வால், அனுராக் அர்ஜுன் தொடங்கியது. எத்தீரியம் என்ற இன்னொரு கிரிப்டோ நெட்வொர்க்குக்கு ஒரு கிளைச்சாலை போட்டுக் கொடுத்த வேலை. கோட் திறந்தது, ஓட்டை கண்டுபிடித்தால் பரிசு என்றும் அறிவித்திருந்தார்கள். 2021 டிசம்பர் 3-ஆம் தேதி லியோன் ஸ்பேஸ்வாக்கர் என்ற புனைபெயர்க்காரர் ஒரு தகவல் அனுப்பினார். மேட்டிக் நாணயத்தை இயக்கும் ஒப்பந்தக் கோடில் பணம் அனுப்பும் ஒரு செயற்கூறு, அனுப்புகிறவரிடம் அவ்வளவு இருப்பு இருக்கிறதா என்றே பார்க்கவில்லை. மொத்தம் ஆயிரம் கோடி மேட்டிக்; அதில் 927 கோடி திருடுபோகக்கூடிய நிலை. இரண்டு நாளில், டிசம்பர் 5-ஆம் தேதி, நெட்வொர்க் முழுவதையும் சத்தமில்லாமல் மாற்றினார்கள். அதற்குள் ஒரு திருடனும் அதே வரியைப் படித்திருந்தான். எட்டு லட்சம் மேட்டிக் போயிற்று. கண்டுபிடித்தவருக்கு 22 லட்சம் டாலர் பரிசு. என்ன நடந்தது என்று கம்பெனி வாய் திறந்தது டிசம்பர் 29-ஆம் தேதி.

அந்த மூன்று வாரம் திறமூல ஆட்களிடையே பெரிய சர்ச்சை. ஓட்டையை முன்கூட்டிச் சொன்னால் திருடனுக்குத் தாம்பூலம் வைத்து அழைத்ததாகும், அது நியாயம்தான். ஆனால் பொது நெட்வொர்க் என்று பேர் வைத்துக்கொண்டு ஒரு வார இறுதியில் காதும் காதும் வைத்தாற்போல எல்லோர் இயந்திரத்திலும் விதியை மாற்ற முடிகிறதென்றால், விதி யார் கையில் இருக்கிறது? இதற்கு பாலிகான் தரப்பு சொன்ன சமாதானம் ஏற்கத்தக்கதே. சமாதானம் சொல்ல வேண்டிய நிலை வந்ததே கோட் திறந்திருந்ததால்தான் என்பதையும் பார்க்க வேண்டும். சத்தமில்லாமல் செய்த மாற்றத்தையும் சிலர் உடனே கவனித்துக் கேள்வி கேட்டார்கள்.

அடுத்த சிக்கல் இன்னும் வில்லங்கமானது. சுவரில் இருப்பதும் மடப்பள்ளியில் நடப்பதும் ஒன்றுதானா?

2024 ஜூலை 18-ஆம் தேதி வஸீர்எக்ஸ் எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 23 கோடி டாலர் போனது. ரூபாயில் கிட்டத்தட்ட இரண்டாயிரம் கோடி. பணம் இருந்த வாலட்டை ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. ஆறு சாவிகள், ஐந்து வஸீர்எக்ஸிடம், ஒன்று லிமினல் என்ற பாதுகாப்புக் கம்பெனியிடம். வஸீர்எக்ஸ் ஆட்கள் மூவரும் லிமினலும் கையெழுத்திட்டால்தான் பணம் நகரும். எல்லோரும் கையெழுத்திட்டார்கள். திரையில் பார்த்தது ஒன்று, கையெழுத்திட்டது வேறொன்று என்பது வஸீர்எக்ஸ் சொன்ன விளக்கம். தவறு யார் பக்கம் என்று இரண்டு கம்பெனிகளும் ஒன்றையொன்று காட்டின. ஏழு மாதம் கழித்து, 2025 பிப்ரவரியில், பைபிட் எக்ஸ்சேஞ்சில் சுமார் 150 கோடி டாலர், அதே பாணி. அங்கே வாலட்டின் ஒப்பந்தக் கோட் திறந்தது, பலமுறை தணிக்கை ஆனது. அதில் கீறல்கூட இல்லை. அந்த வாலட்டை இயக்கும் இணையப் பக்கத்தின் ஜாவாஸ்கிரிப்டைத் திருடர்கள் மாற்றியிருந்தார்கள். வட கொரியாவின் கைவரிசை என்றது எஃப்பிஐ. கல்லில் பொறித்தது அப்படியே இருக்க, அதைப் படித்துச் சொல்கிறவரை விலைக்கு வாங்கிய மாதிரி.

உத்திரமேரூர்க்காரர்கள் விரலை விரிக்கச் சொன்னது இங்கேதான் பொருந்துகிறது. குடத்தில் சரியான ஓலை இருப்பது ஒரு விஷயம். குடத்திலிருந்து வாய்க்கு வரும் அந்த ஒரு முழத் தூரத்தில் அது மாறாமல் வருவது வேறு விஷயம். பிட்காயின் நிரலாளர்கள் இதற்கு 2011-லிருந்தே ஒரு ஏற்பாடு வைத்திருக்கிறார்கள். கோடை மனிதர் படிக்கலாம், ஆனால் கம்ப்யூட்டர் ஓட்டுவது அதைக் கம்பைல் செய்து வரும் கோப்பை. கம்பைல் செய்தவர் நடுவில் எதையாவது நுழைத்திருந்தால்? யுனிக்ஸைப் படைத்தவர்களில் ஒருவரான கென் தாம்ப்ஸன் 1984-லேயே, கம்பைலரே திருட்டுத்தனம் செய்ய முடியும் என்று காட்டிச் சபையைக் கலங்கடித்தவர். அதனால் ஒவ்வொரு பதிப்பு வெளியாகும்போதும், வெவ்வேறு ஊர்களில் இருக்கும் பலர் தங்கள் சொந்த இயந்திரத்தில் அதே கோடைக் கம்பைல் செய்கிறார்கள். ஒரு பிட் பிசகாமல் ஒரே கோப்பு வர வேண்டும். அந்தக் கோப்பின் ஹாஷ், அதாவது கைரேகை மாதிரியான எண், எல்லோருக்கும் ஒன்றாக இருந்தால் கையெழுத்திட்டு வெளியிடுகிறார்கள். இறக்கிக்கொள்ளும் எவரும் தம் கோப்பின் ஹாஷை எடுத்து ஒப்பிடலாம். அளவுகோலைச் சுவரில் வைத்துப் பார்ப்பதுதான். எத்தனை பேர் வைத்துப் பார்க்கிறார்கள் என்பது வேறு கதை. செயலிக் கடையில் பச்சைப் பொத்தானை அமுக்கிவிட்டுப் போகிறவர்களே அதிகம்.

எதைத் திறப்பது, எதை மூடுவது என்ற குழப்பத்துக்கும் தொம்மலூரில் ஒரு சான்று உண்டு. இரண்டாம் ஸ்டேஜில் வெகுகாலம் இயங்கிய சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி என்ற ஆய்வு நிறுவனம், 2017 மே மாதம் ஓர் அறிக்கை வெளியிட்டது. நான்கு அரசுத் தளங்களில் மட்டும் சுமார் 13 கோடி பேரின் ஆதார் எண்கள் யார் வேண்டுமானாலும் பார்க்கும்படி கிடந்தன; பலருடைய வங்கிக் கணக்கு எண்ணும் கூடவே. அவை மூடியிருக்க வேண்டியவை. எப்படி இயங்குகிறது என்று தெரிய வேண்டிய நிரலோ மூடியிருந்தது. இந்த விஷயத்தில் ரகசியக் குறியீட்டு இயலின் பழைய பாடம் தெளிவானது. ஆகுஸ்ட் கெர்க்கோஃப்ஸ் 1883-லேயே ஒரு பிரெஞ்சு ராணுவ இதழில் எழுதினார்: பூட்டின் அமைப்பு எதிரிக்கு முழுக்கத் தெரிந்தாலும் பாதகமில்லாதபடி இருக்க வேண்டும், சாவி மட்டும் ரகசியமாக இருந்தால் போதும். பிட்காயின் வாலட் அப்படித்தான்: கோட் ஊருக்கு, சாவி உங்களுக்கு. திண்டுக்கல் பூட்டு வாங்கியவருக்கு இது புதிய தத்துவம் அல்ல.

தொம்மலூர்க் கல்வெட்டுகளுக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லாமல் விட முடியாது. அவை திறந்தேதான் இருந்தன. படிக்கத்தான் ஆள் இல்லாமல் போனது. எழுத்தின் வடிவம் மாறியது, ஊரின் பேச்சு கன்னடமும் தெலுங்குமாகக் கலந்தது, சுண்ணாம்புப் பூச்சும் எண்ணெயும் சேர்ந்தன. பெங்களூரிலேயே பிறந்த ஆங்கிலேயர் பெஞ்சமின் லூயிஸ் ரைஸ், மைசூர் அரசின் தொல்லியல் பொறுப்பில் ஊர் ஊராகப் படியெடுத்து, ‘எபிகிராஃபியா கர்நாடிகா’வின் ஒன்பதாம் தொகுதியாக 1905-இல் பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகளை வெளியிட்டார். அதன் பிறகுதான் அழகியாரின் நிலைக்கால்கள் மறுபடி கணக்கில் வந்தன. நடுவில் எத்தனை தலைமுறைக் குத்தகைதாரர்கள் அந்தச் சுவருக்கு முன்னால் கன்னத்தில் போட்டுக்கொண்டு, அதே சுவர் கோயிலுக்கு எழுதிவைத்த நிலத்தை உழுதுகொண்டிருந்தார்களோ.

ரைஸின் வாசிப்பையும் நம்பத்தான் வேண்டியிருந்தது, நூறு வருஷத்துக்கு மேலாக. மைதடவிக் காகிதத்தில் ஒற்றியெடுத்த படியில் தேய்ந்த ஓர் எழுத்தை அவர் எப்படிப் படித்தாரோ அதுவே பாடம். 2021 முதல் பெங்களூரு மிதிக் சொசைட்டியில் பி.எல்.உதயகுமாரும் அவருடைய குழுவினரும் நகரத்துக் கல்வெட்டுகளை முப்பரிமாண ஸ்கேனரால் பதிந்து, கோப்புகளைப் பொதுவில் வைத்துவருகிறார்கள். சாக்கடை ஓரத்திலும் காம்பவுண்டுச் சுவருக்குள்ளும் கிடக்கும் கல்லைத் தேடிப் போய்க் கழுவித் துடைத்து, கையில் பிடிக்கும் கருவியை அதன்மேல் மெல்ல நகர்த்துகிறார்கள். திரையில் கல் திரும்புகிறது; வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சாய்த்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல் நிழல் கட்டி எழுத்தாக எழும்புகிறது. தஞ்சாவூரில் உட்கார்ந்திருக்கும் ஒரு தமிழாசிரியர், அந்தக் கோப்பை இறக்கி, ரைஸ் ஒருவிதமாகப் படித்த இடத்தை வேறுவிதமாகப் படிக்க வேண்டும் என்று எழுதி அனுப்பலாம்; இன்னொருவர் அதையும் மறுக்கலாம்.